வெர்னெல் டாலிவர் ட்யூபாவோடு பதக்கம் வாங்கிய சனிக்கிழமை

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது வெர்னெல் டாலிவர் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஓரா ஸ்டாலிங்ஸ் வீட்டுப் பின்பக்கம். அலபாமாவின் அந்தப் பக்கத்து மண் கறுப்பாக, பசை மாதிரி ஒட்டும். காலைத் தூக்கினால் பூட்ஸ் மண்ணோடு நின்றுவிடும், கால் மட்டும் வரும். கையுறையை அக்குளில் இடுக்கி உருவிவிட்டு போனைக் காதில் வைத்தாள்.

“வெர்னெல் அம்மாங்களா? நான் பிரியெல். கீலேயாத் காலேஜ்ல பழைய மாணவர் ஆபீஸ்லேருந்து பேசறேன்.”

“எந்த ஹாஸ்டல்ல அடைச்சிக்கிச்சு?” என்றாள் வெர்னெல்.

“என்னங்கம்மா?”

“போன வருஷம் பசங்க ஹாஸ்டல். அதுக்கு முந்தி சமையல்கட்டு. இப்ப எது?”

பிரியெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அய்யோ, அடைப்பெல்லாம் இல்லங்கம்மா. சிறந்த முன்னாள் மாணவர் விருது இந்த வருஷம் உங்களுக்குத்தான். வேலையில சாதிச்சதுக்கும் சனங்களுக்குச் செஞ்சதுக்கும் சேர்த்து. அக்டோபர்ல, ஹோம்கமிங் ஃபுட்பால் ஆட்டத்தோட இடைவேளையில, மைதானத்து நடுவுல வச்சு பிரசிடெண்ட் ஐயாவே கழுத்துல பதக்கம் போடுவாரு.”

வெர்னெல் மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டாள். குழிமேட்டில் ஓரா இனிப்புத் தேநீர்க் கூஜாவோடு நின்றிருந்தாள். “யாரு? என்னவாம்? யாராச்சும் போயிட்டாங்களா?”

“இல்லக்கா. எனக்கு விருதாம்.”

“எதுக்கு?”

வெர்னெல் குழியைக் காட்டினாள். ஓரா குழியைப் பார்த்தாள், வெர்னெலைப் பார்த்தாள், கூஜாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி, “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!” என்று ஒரு சத்தம் போட்டாள். பெக்கான் மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் போயின.

வெர்னெல் பிறந்ததும் ஓராவின் ஊரான இந்த ஸ்வீட்கமில்தான். அவர்கள் குடியிருப்புக்குப் பொதுச் சாக்கடைக் குழாய் வந்ததில்லை. செப்டிக் டேங்க் வைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. அந்த மண் தண்ணீரைக் குடிக்காது. நாலு நாள் மழை அடித்தால் வெளியே அனுப்பியதெல்லாம் குளியல்தொட்டி வழியாகத் திரும்பி வந்து எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வீட்டுக்கு வருகிறேன் என்றால் சிறுமி வெர்னெல், “வேணாம், எங்க நாய் கடிக்கும்” என்பாள். அவர்கள் வீட்டில் நாயே கிடையாது.

கீலேயாத் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பாலம் கட்டப் போகிறேன், மாடிமேல் மாடி கட்டப் போகிறேன் என்று பேசிக்கொண்டிருக்க, இவள் கழிவுநீர் என்றாள். அறைத்தோழி ஹ்வானிட்டா கட்டிலில் விழுந்து சிரித்தாள். “ராத்திரி பகலா கணக்குப் போட்டுட்டு கடைசியில சாக்கடையாடி?”

“ஆமாண்டி. நீ கட்டப்போற வீட்டுல உட்கார்ந்து எழுந்திரிச்சு கைப்பிடிய அமுக்குவ பாரு, அப்ப என்னை நெனச்சுக்கோ.”

படித்து முடித்து, தெற்கே கடற்கரை நகரமொன்றின் நீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மேலே போய்ப் போய்த் தலைமைப் பொறியாளராகவே ஆனாள். அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. புயல் அடித்து ஊரே மூழ்கிய வருஷத்தில் நீரேற்று நிலையத்திலேயே படுத்து எழுந்து, குடிதண்ணீரில் சாக்கடை கலக்காமல் காப்பாற்றினாள். அதற்காக மேயர் கை குலுக்கிய படம் பத்திரிகையில் வந்தது. கணவன் கிளியோஃபஸ் அதைச் சட்டம் போட்டு மாட்டினான்.

ஆனால் அவள் மனசு ஸ்வீட்கமில்தான் கிடந்தது. சனிக்கிழமையானால் வண்டி ஊருக்குத் திரும்பும். மண் குடிக்காதென்றால் மண்ணோடு என்ன சண்டை? மணலைக் கொட்டி மேடு கட்டினாள். குழி தோண்டி இறக்கிய தொட்டியில் கழிவுநீரைச் சேர்த்து, சின்ன மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, அங்கே மெதுவாக வடியவிட்டாள். முதலில் அம்மா வீடு. அப்புறம் பக்கத்து வீடு. சர்ச் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், கிளியோஃபஸ் பழைய தோண்டும் எந்திரம் ஒன்றைப் பிடித்துவந்து ரிப்பேர் செய்தான். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரம் முழுக்கவே சனிக்கிழமையாகிவிட்டது.

இது போக அவளுக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று உண்டு. ட்யூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவி. கல்லூரி பேண்டில் சேரப் போன அன்று பேண்டு மாஸ்டர், “பொம்பளைப் புள்ளைங்களுக்குக் கிளாரினெட் இருக்கு, எடுத்துக்கோ” என்றார். அவள் ஓரத்தில் கிடந்த ட்யூபாவைத் தலைவழியாக மாட்டி, மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றியிருந்த அந்தப் பித்தளையோடு மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து, “இது போதுங்க சார்” என்றாள். படித்து முடித்துப் போனவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்து கூடும் ஒவ்வொரு ஹோம்கமிங்குக்கும் பழைய மாணவர் பேண்டு இடைவேளையில் இறங்கும். தொப்பை விழுந்தவர்கள், முடி கொட்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாரும் முட்டியைத் தூக்கித் தூக்கி நடப்பார்கள். வெர்னெல் மகளைப் பெற்ற வருஷம் ஒன்றைத் தவிர மற்ற எதையும் விட்டதில்லை.

சிக்கல் அதில்தான் வந்தது. பதக்கமும் இடைவேளையில். பேண்டும் இடைவேளையில்.

“அப்படின்னா பதக்கத்தைத் தபால்ல அனுப்பிடும்மா,” என்றாள் வெர்னெல், அடுத்த போனில்.

“அம்மா!” பிரியெல் அழாத குறை. “விருது வாங்கறவங்க அங்கி போட்டுக்கிட்டு மேடையில வரிசையா நிக்கணும்மா. டாக்டர் ஒருத்தர், ஜட்ஜ் ஒருத்தர், நடுவுல நீங்க.”

“அந்த மைதானத்துல நான் சும்மா நின்னதே இல்ல கண்ணு. எனக்கு நிக்கத் தெரியாது.”

“சரி, அது அப்புறம் பேசிக்கலாம். உங்களைப் பத்தி வாசிக்கப்போறதை மட்டும் கேளுங்க: ‘கிராமப்புற சுகாதார உட்கட்டமைப்பில் நீடித்த தீர்வுகளை முன்னெடுத்த...’”

“யாரு அது?”

“நீங்கதாம்மா.”

“நான் கக்கூஸ் கட்டறவ. அப்படியே வாசிக்கச் சொல்லு.”

“மைதானம் முழுக்க கூட்டம் இருக்கும்மா. பிரசிடெண்ட் ஐயா வாயால அதை எப்படிம்மா...”

“அவரு வீட்டுல கக்கூஸ் இல்லையாமா?”

அன்று சாப்பாட்டு மேசையில் கிளியோஃபஸ் கெளுத்தி மீனைப் பொரித்துவைத்துக்கொண்டு புத்தி சொன்னான். “வெர்னெல், போன வருஷம்தான் முட்டி ஆபரேஷன் ஆச்சு. மேடையில கௌரவமா நில்லு. ட்யூபாவைத் தூக்கிக்கிட்டு குதிக்கிற வயசா?”

“கௌரவம்லாம் உட்கார்ந்தவனுக்கு, கிளியோ. மீனைத் தள்ளு.”

ஹ்வானிட்டாவும் அங்கேதான் இருந்தாள். ஓய்வு பெற்ற டீச்சர். பேண்டில் ஜால்ரா மாதிரி இரட்டைப் பித்தளைத் தட்டு அடிப்பவள். அவள் சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: “ஊர்ல எல்லாருக்கும் ஜால்ரா அடிச்சிருக்கேன், உனக்கு மட்டும் அடிக்க மாட்டேன்னு இருந்தேன். சரி, போவுது. நீ ஏண்டி மேடைக்குப் போகணும்? பேண்டு உன்னை மேடைக்குக் கூட்டிட்டுப் போகட்டும்.”

வெர்னெல் மெல்லுவதை நிறுத்தினாள். கிளியோஃபஸ் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “போச்சு,” என்றான்.

வெர்னெல் பிரியெலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பிரசிடெண்ட் ஐயாகிட்ட நான் பேசறேன்மா. எனக்கே பாக்கணும்போல இருக்கு,” என்றாள்.

ஹோம்கமிங் சனிக்கிழமை வெயில் நல்ல பொன்னாக இருந்தது. மைதானத்தைச் சுற்றி வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். பன்றிவிலா கருகும் வாசனை, பாட்டு, கட்டிப்பிடிப்பு, “அடிப்பாவி, நீ இன்னும் அப்படியே இருக்கியே” என்ற பொய்கள். வெர்னெல் பட்டமளிப்பு அங்கியைப் போட்டு, அதற்கு மேல் ட்யூபாவை மாட்டியிருந்தாள். முட்டியில் பட்டை கட்டியிருந்தது. இத்தனை வருஷம் அதே புல்லில் நடந்தும் இன்றுதான் பயம். ஜட்ஜும் டாக்டரும் மேடையில் நிமிர்ந்து நிற்கிறார்கள். நாம் கோமாளியாகிவிட்டால்?

“ஹ்வானிட்டா, எல்லாரும் சிரிச்சா என்னடி பண்றது?”

“சிரிக்கட்டும். நாம அதுக்குத்தானே வருஷா வருஷம் வர்றோம்.”

முரசு அதிர்ந்தது. பழைய மாணவர் பேண்டு நுழைவாயிலிலிருந்து பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. வெர்னெல் மூச்சை இழுத்து ஊதினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அந்தக் கனத்த சுரம் பித்தளை முழுக்கச் சுற்றிவந்து தலைக்கு மேல் வெடித்ததும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முதல் பத்து கெஜம் முட்டியைப் பாதிதான் தூக்கினாள். பிறகு அதை மறந்தே போனாள். கம்பியோரம் நின்ற கிளியோஃபஸ், “மெதுவா! மெதுவா!” என்று கத்தினான். அப்படிக் கத்திய வாய்தான் அடுத்த நிமிஷம், “தூக்கு வெர்னெல்! இன்னும் தூக்கு!” என்றது.

பேண்டு மேடைக்கு முன்னால் வந்து இரண்டாகப் பிரிந்தது. நடுவழியாக வெர்னெல் ஊதிக்கொண்டே மேடையேறி, ஜட்ஜுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றாள். ஜட்ஜம்மா கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டு, “நான் கிளாரினெட் வாசிச்சவதான். முட்டாள் மாதிரி வீட்டுலேயே வச்சுட்டு வந்துட்டேன்,” என்று காதோரம் சொன்னாள்.

பிரசிடெண்ட் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இவங்க ஒரு நகரத்துக்கே நல்ல தண்ணி குடுத்தவங்க,” என்றார். “அதுக்கப்புறம் சொந்த ஊருக்குப் போய், வீடு வீடா, தன் கையால குழி தோண்டி, கக்கூஸ் அடைக்காம போக வச்சவங்க.”

கிழக்குப் பக்கத்து இருக்கைகளில் ஒரு கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. சர்ச் பஸ் பிடித்து வந்த ஸ்வீட்கம் சனம். முன்னால் ஊதா நிறத் தொப்பியோடு ஓரா. நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு படுக்கை விரிப்பை விரித்தார்கள். அதில் ஆளுயர எழுத்தில்: ‘எங்க வீட்டுல இப்ப போகுது! நன்றி வெர்னெல்!’

மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அப்படியே கைதட்டலாக மாறியது, கைதட்டல் எழுந்து நின்றது. வெர்னெலின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. ஓரா வருஷக்கணக்காக யாரையும் வீட்டுக்கு அழைக்காதவள். போன மாதம்தான் சர்ச் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு, சக்கரவள்ளிக்கிழங்கு வைத்து இனிப்பு ரொட்டி சுட்டுப் போட்டிருந்தாள். அந்தப் பெண்கள்தான் இவர்கள்.

பதக்கத்தைக் கழுத்தில் போட வந்த பிரசிடெண்ட் திகைத்து நின்றார். கழுத்தைச் சுற்றி இடமே இல்லை, எங்கே பார்த்தாலும் பித்தளை. இடது பக்கம் முயன்றார், வலது பக்கம் முயன்றார். வெர்னெல் குனிந்தாள். ட்யூபாவின் விரிந்த வாய் அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. கடைசியில் அவர் பதக்க நாடாவை ட்யூபாவின் குழாயிலேயே மாட்டிவிட்டு, இரண்டு கையையும் விரித்து, “இதுக்கும் சேர்த்துதான்!” என்றார்.

“வாசிக்கலாங்களா ஐயா?” என்றாள் வெர்னெல்.

“நான் வேண்டாம்னா கேப்பீங்களா?”

பதக்கம் பித்தளையில் கலகலக்க, அவள் கல்லூரிப் பாட்டை ஊதினாள். கீழே ஹ்வானிட்டா தட்டுகளை வானத்துக்குத் தூக்கி அடித்தாள்.

ஆட்டத்தில் கீலேயாத் தோற்றது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இருட்டும்வரை வெர்னெல் ஒரு வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து, முட்டியில் ஐஸ் பையோடு, யார் யாரோ கொண்டுவந்த தட்டிலெல்லாம் சாப்பிட்டாள். கல்லூரி பேண்டின் இப்போதைய ட்யூபாக்காரப் பெண்கள் ஒரு கும்பலாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் காலத்தில் அவள் ஒருத்தி. இன்று பாதி வரிசையே பெண்கள். முட்டியை எப்படித் தூக்கினால் நோகாது என்று கேட்டார்கள். ஓராவின் படுக்கை விரிப்பு என்ன சமாசாரம் என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் வெர்னெல் விளக்கம் சொன்னாள், இரண்டாவதுக்குக் கூடுதல் நேரம் ஆனது.

அடுத்த சனிக்கிழமை ஸ்வீட்கமில் புதுக் குழி தோண்டவேண்டியிருந்தது. வெர்னெல் போய்ச் சேர்ந்தபோது கல்லூரி வேன் ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. ட்யூபாக்காரப் பெண்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரியெலும் இருந்தாள். வெள்ளை நிறப் பூட்ஸ், அதுவும் புத்தம் புதுசு.

“கண்ணு, இந்த மண்ணுக்கா வெள்ளைல வந்த?”

“இது ஒண்ணுதாம்மா கடையில இருந்துச்சு.”

வெர்னெல் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துக் கொடுத்தாள்.