விரல் சாப் கதை சொன்னவர்

உமர் பாருக் பாய் லோடு வண்டியை நிறுத்தினால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் தாமாகவே தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார்கள். ஓடைப்பட்டியில் திராட்சைப் பெட்டி ஏற்றி வருகிற வழியில், எங்கள் அனுமந்தன்பட்டியில் ஒரு டீ குடித்து ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். சொந்த ஊர் உத்தமபாளையம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரிலும் அவருக்கு ஒரு துண்டு வயல் உண்டு. என் அப்பாவின் வயலை ஒட்டி, வாய்க்காலின் கடைசி மடையில்.

அவர் சொல்வதெல்லாம் விரல் சாப் கதைகள். பட்டாளத்தில் மேலே இருப்பவரை 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். லடாக்கில், பனிமலை மேல் ஒரு போஸ்டில், இவருடைய பிளாட்டூனை நடத்திய சுபேதாருக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது.

"சாயங்காலமானா பூட்டக் கழட்டு, சாக்ஸக் கழட்டும்பாக. டார்ச்ச அடிச்சு ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுப் பாப்பாக. ஈரச் சாக்ஸோட மாட்டுனவன் செத்தான். என் கல்யாணத்துக்கு வந்தாக பாருங்க, மாப்பிள்ளை மூஞ்சிய ஏறிட்டுப் பாக்கல. குனிஞ்சு என் காலப் பாத்தாக. என் மாமனாரு பதறிப்போயி, 'மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதும் கொறையா'ன்னு எங்க அத்தாகிட்ட கேட்டுட்டாரு."

கடையே குலுங்கும். டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

அந்த விரல் சாப் எங்கள் ஊர்க்காரர்தான். சுபேதார் முத்துராமலிங்கம். அவர் எங்கேயோ பனியில் இருந்தவரை இந்தக் கதைகளால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அவரும் நெல் போட ஆரம்பித்தார்.

இந்த வருடம் வாய்க்கால் சங்கத்துக்குப் புதுத் தலைவர் தேவைப்பட்டார். தலைவர் வேலை பார்ப்பதற்குச் சின்னது. தண்ணீர் முறை முடிந்ததும் மேல்மடைக்காரர்களை ஷட்டரை மூட வைக்க வேண்டும். அவர்கள் மூடாததால்தான் போன போகத்தில் எங்கள் கடைமடையில் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. இன்னொரு போகம் அப்படிப் போனால் வயலை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வயலில் விளைந்த நெல்தான் என்னைக் காலேஜுக்கு அனுப்பியது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

கடைமடைக்காரர்கள் சுபேதாரை நிறுத்தினார்கள். மேல்மடைக்காரர்கள் ரைஸ்மில் அய்யாத்துரையை நிறுத்தினார்கள். எப்போதும் சிரித்த முகம், யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர். யாரையும் ஷட்டரை மூடு என்றும் சொல்ல மாட்டார்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு முதல் நாள் டீக்கடையில் மேல்மடை மதன்குமார் ஆரம்பித்தான்.

"விரல் சாப் தலைவரானா, நாளைப்பின்ன நாம வயல்ல எறங்கும்போது காலக் காட்டிட்டுத்தான் எறங்கணும்."

"நகம் வெட்டலேன்னா தண்ணி கெடையாதுன்னுருவாரு," என்றார் இன்னொருவர்.

"கூட இருந்த ஆளுகளே இந்தச் சிரிப்பு சிரிச்சிருக்காக. அவர நம்பி வாய்க்காலக் குடுக்கணுமாக்கும். என்ன பாய், நீங்கதான சொன்னீக?" என்று மதன்குமார் பாய் பக்கம் திரும்பினான்.

எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, "மாப்ள, வண்டியில ஏறு" என்று என்னைக் கூப்பிட்டார்.

சுபேதார் வயலில் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் விறைப்பாக நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரமானது.

"என் வாயாலதான் சாப் ஒங்க பேரு கெட்டுச்சு."

"அந்தப் பேரு எனக்குத் தெரியாதாக்கும்?" சுபேதார் மண்வெட்டியை ஊன்றினார். "ஏலே உமரு, ராத்திரி ரவுண்டு வரும்போது ஒங்க பங்கருக்கு வெளியே நிப்பேன். நீ என்னைய மாதிரியே பேசிக் காட்டுவ. பயலுக சிரிப்பானுக."

"அய்யய்யோ. கேட்டுட்டுச் சும்மாவா போனீக?"

"சிரிப்புச் சத்தம் கேட்டா எல்லாவனும் நல்லாருக்கான்னு போய்ப் படுத்துருவேன். சத்தம் இல்லாத பங்கருக்குள்ளதான் போய்ப் பாப்பேன்."

திரும்பி வரும்போது உத்தமபாளையம் விலக்கில் பாய் என்னை இறக்கிவிட்டுப் போனார். அவருடைய கதைகளை நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எங்கள் எல்லோருக்கும் கதை வந்து சேர்ந்தது, அந்தக் குளிர் வந்து சேரவில்லை என்று அப்போதுதான் பட்டது.

மறுநாள் தேங்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் கூட்டம். சுபேதார் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதன்குமார் கால் கதையை மறுபடி எடுத்ததும் பாய் எழுந்தார்.

"அந்தக் கதையில நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. பக்கத்துப் போஸ்ட்ல ஒரு சாப் இருந்தாக. தங்கமான மனுசன். பாட்டுப் பாடுவாக, சீட்டாட விடுவாக, சாக்ஸ அவனவன் பாத்துக்கிருவான்னு விட்டுருவாக. அந்தக் குளிர்காலத்துல அங்கனருந்து மூணு பேர ஹெலிகாப்டர்ல எறக்குனாக. பனி கடிச்ச வெரல எடுத்துட்டாக. ஒருத்தனுக்குப் பாதமே போச்சு."

பாய் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"அந்த சாப்பப் பத்தி எங்ககிட்ட ஒரு சிரிப்புக்கதைகூட இல்ல. யாரும் பேச்சே எடுக்க மாட்டோம். இவுகளப் பத்தி நாங்க சிரிச்சோம். சிரிக்க நாங்க அத்தன பேரும் முழுசா இருந்தோம்." சட்டென்று வலது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். "இந்தா, எண்ணிப் பாரு."

மதன்குமார் குனிந்து பார்த்தான். "அஞ்சும் இருக்கு பாய். எறக்குங்க, வாடை தாங்கல."

சிரிப்பு வெடித்தது. பாயும் சிரித்துவிட்டார். சுபேதாருக்காகக் கை தூக்கச் சொன்னபோது மேல்மடையில் பாதிப் பேர் தூக்கவில்லை. கடைமடை முழுக்கத் தூக்கியது. நடுமடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். அது போதுமானதாக இருந்தது.

அந்தப் போகத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது. ஏராளமாக இல்லை, பயிர் தாங்குகிற அளவுக்கு. அப்பா வயலைக் கொடுக்கும் பேச்சை விட்டார். சுபேதார் டார்ச்சோடு வாய்க்கால் நெடுகிலும் நடந்தார். மூடாத ஷட்டருக்குச் சொந்தக்காரர் கதவைத் தட்டி எழுப்பினார். மேல்மடையில் சிலர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

அறுப்பு முடிந்த ஒரு காலையில் டீக்கடையில் மதன்குமார் சொல்லிக்கொண்டிருந்தான்: "ராத்திரி எம்பொண்டாட்டி தண்ணி குடுக்க எழுப்புறா. நான் தூக்கத்துலயே, 'மூடிட்டேன் சாப், மூடிட்டேன்'ங்கிறேன். 'எதடா மூடுன'ன்னு எங்கம்மா எந்திரிச்சு லைட்டப் போட்டுருச்சு."

கடை குலுங்கியது. பாய் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். பெஞ்சில் இடம் விட்டார்கள்.

"பாய், விரல் சாப் கதை ஒண்ணு சொல்லுங்க," என்றார் டீ மாஸ்டர்.

பாய் டீயை வாங்கி ஊதினார். "இனி அவுக ஒங்க சாப்தான. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்."