தொண்ணூற்றெட்டுக்குக் காவல்

எங்கள் சங்கத்துக் கணினியை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதைத் தொடாதே, அதன் மேல் தேத்தண்ணி வைக்காதே, பக்கத்தில் நின்று தும்மாதே என்று காரியாலயத்துக்கு வருகிறவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. எழும்பிப் போய் அது ஓடுகிறதா என்று பார்ப்பேன், வந்து உட்காருவேன், திரும்பவும் எழும்புவேன். யுத்த காலத்துத் திருகோணமலையில் எல்லோருக்கும் ஏதோவொரு பயம் இருந்தது. எனக்கு அந்தப் பெட்டி நின்றுபோய்விடுமோ என்ற பயம்.

உள்துறைமுகப் பக்கத்தில் மீனவர் சங்கத்துக்கு ஓர் ஒற்றை அறை இருந்தது. நான் அங்கே எழுதுவினைஞர், பதிவும் கடிதமும் என் வேலை. கணினி ஒரு தொண்டு நிறுவனம் பாவித்துக் கழித்துத் தந்தது. அதற்குள் ஓடிய இயங்குதளத்தை அது வெளிவந்த ஆண்டைக் கொண்டு தொண்ணூற்றெட்டு என்றே சொல்வோம். சங்கத்து ஆட்கள் எல்லோருடைய பெயரும் படமும் அதற்குள்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் புது அட்டை அச்சடிப்போம். அந்த அட்டையைக் காட்டினால்தான் கடற்படையிடம் கடலுக்குப் போகப் பாஸ் கிடைக்கும். பாஸ் இல்லாதவர் கரையில் இருந்து கடலைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த ஆட்களில் ஒருவர் என் அத்தான், அக்காவின் கணவர். இலங்கைத்துறையில் இருந்த தன் தாயைக் கூட்டிவரப் போனவர். அந்தப் பக்கம் சண்டை தொடங்கியது. தாய் எப்படியோ சனத்தோடு சனமாக நடந்து வந்து சேர்ந்துவிட்டார். கூட்டிவரப் போனவர் வரவில்லை. அவரைக் கண்டோம் என்றவர்கள் ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். அக்கா அத்தனை இடத்துக்கும் போய்க் கேட்டாள். பிறகு கண்டோம் என்று சொல்பவர்களும் இல்லாமல் போனார்கள்.

கணினிக்கு இதெல்லாம் தெரியாது. அட்டை அடிக்கும் நாளில் மற்றவர்களோடு சேர்த்து அவரையும் கேட்பேன், அது தந்துவிடும். அதே கோடுபோட்ட சட்டை, அதே சிரிக்காத முகம். சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருவார், அந்த அட்டை வந்ததும் கொஞ்சம் நிற்பார், என்னைப் பார்க்க மாட்டார், போட்டுவிடுவார். நான் அதை அன்புவழிபுரத்தில் அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். அவள் வாங்கி அலுமாரிக்குள் வைப்பாள். அட்டை காலாவதியாகாத வரை ஆள் எங்கோ இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம் என்று இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அப்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நித்திரை கொண்டேன்.

கணினி மக்கர் செய்தால் அதைத் திருத்தக் கிண்ணியாவில் இருந்து ஒரு முஸ்லிம் அண்ணர் வருவார், நானா என்று கூப்பிடுவோம். பாதைப் படகில் ஏறித் தண்ணீரைக் கடந்து, சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் பையைக் கொட்டி, இது ஸ்குரூ டிரைவர், இது வயர் என்று விளக்கம் சொல்லி, பாதி நாள் போன பிறகு வந்து சேருவார். ஒருநாள் பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டு அவர் சொன்ன கதை எனக்குப் பிடிக்கவில்லை.

“தங்கச்சி, இதச் செஞ்ச கம்பனியே இதக் கைவிட்டுட்டு. இனி இதுக்கு மருந்து வராது. வைரஸ் மட்டும் புதுசு புதுசா வரும்.”

“அப்ப என்ன செய்யிறது நானா?”

“புதுசு போடணும். இந்தப் பெட்டி அதத் தாங்கா, பெட்டியையும் மாத்தணும். ஒங்கட அட்ட அடிக்கிற புரோகிராம் அதில ஓடாது. எல்லாரும் ஒருக்கா நேர வந்து புதுசாப் படம் எடுத்தாச் சரி. பெரிய வேல இல்ல.”

பெரிய வேலை இல்லையாம். எல்லோரும் நேரே வர வேண்டுமாம். அத்தான் எப்படி வருவார்? “தேவையில்லை நானா, இது நல்லாத்தான் ஓடுது” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இவளுக்கு இந்தப் பழைய பெட்டியில் என்ன இவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்.

நல்ல மனிதர். கோபிக்காமல், அப்படியென்றால் குறைந்தபட்சம் இதையாவது செய் என்று வழி சொன்னார். தொலைபேசி இணைப்பை அவரே கழற்றிவிட்டார். அது வெளியுலகத்தோடு கதைக்காமல் இருந்தால் பாதி ஆபத்து குறையும் என்றார். தேவையில்லாத புரோகிராம்களை அழித்தார். கடைசியாகக் கிடைத்த வைரஸ் தடுப்பைப் போட்டு, இதற்குப் பிறகு வருவது எதையும் இது கண்டுபிடிக்காது என்று எச்சரித்தார். வெளியார் பிளொப்பி எதையும் உள்ளே விடாதே என்று இரண்டு தரம் சொன்னார்.

அன்றிலிருந்து நான் சோதனைச் சாவடி ஆகிவிட்டேன். “பிள்ளை, ஒரு கடிதம் மட்டும் அடிச்சுத் தாவன், இந்த பிளொப்பியில கிடக்கு” என்று கெஞ்சுகிறவர்களைத் திருப்பி அனுப்பினேன். வாயில் பேசுங்கள், நான் அடிக்கிறேன் என்றேன். எனக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று படகு கட்டும் ஜெற்றியில் கதை அடிபட்டது. அடிபடட்டும் என்று விட்டேன். மின்சாரம் போய் வந்தால் அது திரும்பவும் ஓடத் தொடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். எங்கோ வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் பிள்ளைகளைத் தேடி ஓடுவார்கள், நான் கணினியை நிறுத்த ஓடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது எங்கள் சனம் எதையும் ஒரே வீட்டில் வைப்பதில்லை. காணி உறுதிப் பத்திரம் கப்பல்துறையில் சின்னம்மா வீட்டில் இருக்கும், நகை மாமி வீட்டில், பிறப்புச் சான்றிதழ்கள் கையோடு ஓடும் பையில். ஒரு வீடு எரிந்தாலும் மற்றது மிஞ்சட்டும் என்ற எண்ணம்.

“பிள்ளை, இதையும் அப்பிடிப் பிரிச்சு வைப்பம். இந்த அறைக்கு ஒண்டு நடந்தா எல்லாம் போயிடும்” என்றார் தலைவர். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. எல்லாவற்றையும் பிளொப்பிகளில் பிரதி எடுத்து, மூன்று பிஸ்கட் தகரப் பேணிகளில் அடைத்து, தலைவர் வீட்டுக்கு ஒன்று, பொருளாளர் வீட்டுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தோம். மாதம் ஒருமுறை மூன்று பேணியும் காரியாலயத்துக்கு வரும், புதிதாகப் பிரதி எடுப்பேன், திரும்பிப் போகும். அவை வெளியார் பிளொப்பிகள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நகை மாமி வீட்டில் இருந்தாலும் அது எங்கள் நகைதானே!

தலைவர் வீட்டிலும் ஒரு கணினி இருந்தது. அவருடைய மகள் தன் வேலை ஒன்றைச் சேமிக்க, கைக்கு அகப்பட்ட பிளொப்பியைப் பேணியிலிருந்து எடுத்திருக்கிறாள், முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறாள். அந்த வீட்டுக் கணினியில் இருந்த வைரஸ் அதில் ஏறி என் மேசைக்கு வந்தது. நான் பொறுப்பாக, ஒன்றுவிடாமல், மற்ற இரண்டு பேணிகளுக்கும் அதை என் கையாலேயே ஏற்றி அனுப்பினேன்.

அட்டை அடிக்க வேண்டிய வாரம் புரோகிராம் திறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பேணியைக் கொண்டுவந்து போட்டேன், திறக்கவில்லை. பொருளாளர் வீட்டுக்கு ஓடினேன், திரும்பி ஓடிவந்தேன், அதுவும் அப்படியே. வெளியே பாஸ் முடியப்போகிற ஆட்கள் கூடி நின்று “என்ன பிள்ளை, கடலுக்குப் போக ஏலாதோ?” என்று கேட்டார்கள். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அத்தனை படகுகளும் கரையில் நிற்கப்போகின்றன. எனக்கோ ஒரே ஒரு முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அதைச் சொல்ல அன்றைக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

நானா வந்து பார்த்து, வைரஸ், மூன்று பேணியும் போய்விட்டது என்றார். தலைவர் அதிகம் யோசிக்கவில்லை. தொண்டு நிறுவனத்திடம் சொல்லி, புதுப் பதிப்பு போட்ட ஒரு கணினியை இறக்கினார். ஆட்கள் எல்லோரும் நேரில் வரச் சொல்லிச் செய்தி போயிற்று. ஒரு வெள்ளைச் சேலையைச் சுவரில் கட்டி, முன்னால் கதிரை போட்டு, நானா படம் எடுத்தார். நான் தட்டச்சு செய்தேன். வரிசை வாசல் தாண்டி ஜெற்றிவரை நின்றது. தலைசீவி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நான் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வரிசை முடிந்த பிறகு நானா பழைய கணினியின் வட்டைப் பிடுங்கிப் புதியதோடு இணைத்து, மிஞ்சியது ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். படங்கள் முக்கால்வாசி பழுது, திறந்தால் சாம்பல் நிறம்தான். திடீரென்று அந்தக் கோடுபோட்ட சட்டை திரையில் வந்தது. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல்.

“இவரு இண்டைக்கு வரல்லியே. படம் நல்லா இரிக்கு. ஏத்திடவா தங்கச்சி?”

“ஓம் நானா, ஏத்துங்கோ” என்றேன். சந்தோஷத்தில் கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

“வேண்டாம்.”

திரும்பிப் பார்த்தேன். அக்கா. ஜெற்றிக் கடைகளுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பவள், காலிக் கூடையோடு வாசலில் நின்றாள். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கதைத்தாள்.

“நீ ஒவ்வொரு முறையும் ஆசையாக் கொண்டுவந்து தாறாய். வேண்டாம் எண்டு சொன்னா நீ உடைஞ்சு போவாய் எண்டுதான் வாங்கினனான். அந்த அட்டை கைக்கு வந்தா எனக்கு ஒரு கிழமைக்கு நித்திரை இல்லை. அவர் செத்தவர் எண்டு நான் சொல்லேல்லை. அவர் வந்தா, வந்து இந்தக் கதிரையில இருந்து தன்ரை படத்தைத் தானே எடுக்கட்டும்.”

நானாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். மௌஸில் இருந்து கையை எடுத்தார். எனக்கு அக்கா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நாளும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நாய் மாதிரிக் காவல் கிடந்தது யாருக்காக என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, கையை நீட்டித் திரையில் இருந்த படத்தை மூடினேன்.

“விடுங்கோ நானா” என்றேன்.

அத்தானைப் புதுக் கணினியில் ஏற்றவில்லை. அன்று பின்னேரம் அக்காவும் நானும் அன்புவழிபுரத்துக்கு நடந்தே போனோம். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எந்தக் கடைக்கு எத்தனை பார்சல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அழுதது நான்தான்.