தாழத் தொங்கிய படம்

அம்மைக்குப் படம் ஒண்ணும் கிடையாது. செத்த பிறகுதான் அது தெரிந்தது. வோட்டர் கார்டில் இருந்ததை அப்பன் பாறசாலை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கினார். ஸ்டுடியோக்காரர்கள் முகத்தை வெளுப்பாக்கி, பட்டுச்சேலையும் மாலையும் போட்டுத் தந்தார்கள். பார்த்தவர்கள் நல்ல படம் என்று கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அது யாரோ ஒரு பொம்பளை. எனக்கு அப்போ எட்டு வயசு.

அம்மை வேலை முடிந்து வந்தால் தரையில் கால் நீட்டி, சுவரில் தலை சாய்ச்சு இருப்பாள். தினமும் ஒரே இடம். தலையெண்ணெய் ஊறி சுவரில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்காது. அப்பன் அம்பூரியில் வேலை கழிந்து வர இருட்டும். நான் அந்த வட்டத்தில் மூக்கை வைத்து உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் எனக்கு அழுகை வரும். அப்பனிடம் சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. சாவு வீடானாலும் கேரல் பாட சபைக்காரர் வருவார்கள், வெள்ளை அடிக்காமல் முடியாது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். நாலு சுவரும் வெள்ளை. மேசைமேல் இருந்த அந்தப் படம் வட்டம் இருந்த இடத்தில் தொங்கியது. என் நெஞ்சு உயரம்தான்.

கேரலோடு வந்த பெரியப்பன் சிரித்தார்.

“எலே, இது பூனை பாக்கவா? ஆணிய மேல அடி.”

“அங்கன இருக்கட்டு” என்றார் அப்பன்.

“அப்ப நாங்க பாய் விரிச்சுக் கெடந்து பாக்கோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பன் சிரிக்கவில்லை.

நான் அப்பனோடு பேச்சை நிறுத்தினேன்.

“என்ன மக்கா, மிண்ட மாட்டியா?”

“எனக்கு அந்தப் படம் வேண்டாம்.”

“எனக்கு வேணும் ஆக்கும்.”

அவ்வளவுதான் பேசினோம். பிறகு வருஷா வருஷம் அப்பனே வெள்ளை அடிப்பார். அந்தப் படத்தை மட்டும் கழற்ற மாட்டார். சுற்றி அடித்து விடுவார். கழற்றி மாட்டச் சோம்பல், மடி என்று நினைத்தேன்.

அப்பனும் போயாச்சு. போன மாசம் பெயின்ட் அடிக்க ஆள் விட்டேன். அவன் படத்தைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டான்.

“அக்கா, இதென்ன அழுக்கு? சுரண்டட்டா?”

சட்டத்தின் அளவுக்குப் பழைய சுவர். நடுவில் எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தது.

“வேண்டாம். சுத்தி அடி” என்றேன்.

அவன் சாயா குடிக்கப் போனபோது மூக்கை வைத்துப் பார்த்தேன். மணம் ஒண்ணும் இல்லை. எட்டு வயசில், அம்மை எனக்கு மட்டும்தான் செத்தாள் என்று நினைத்திருந்தேன்.