இடது காதுக்குப் பின்னால்

முடி வெட்டத் துணியைப் போர்த்துவதற்கு முன்பே லாஸர் இடது காதை மடக்கிப் பின்னால் பார்த்துவிடுகிறார். எல்லாருக்கும் இல்லை. சைக்கிளும் முதுகுப்பையுமாக ஷ்கோதர் நகரத்துக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களில், எழுபதைத் தாண்டிய ஆண்களுக்கு மட்டும். காதை மடக்குவார், தலையை வெளிச்சத்துப் பக்கம் திருப்புவார், ஒன்றும் இல்லை என்றதும் பெருமூச்சு விட்டுத் துணியை உதறுவார். உட்கார்ந்திருப்பவர் இது ஏதோ அல்பேனிய வழக்கம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொள்வார்.

"உஸ்தா, அதுக்குள்ள என்ன புதையலா இருக்கு?" என்று பக்கத்துக் காப்பிக் கடை ரிஸா வாசலில் நின்று கத்துவார். இந்த ஊரில் கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் உஸ்தாதான்.

"உன் வேலையப் பாருடா. அடுப்புல காப்பி பொங்குது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முடி வெட்டுகிறவர் வாயே திறக்காமல் வெட்டுவதை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நாற்காலியில் உட்கார்ந்தவர் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாலே போதும், "தலைய மட்டும் குடு, கதைய நீயே வெச்சுக்கோ" என்று வாயை அடைத்துவிடுவார். பேசியே தீர வேண்டும் என்றால், முதலில் கை நீட்டித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். பீங்கான் தொட்டியில் தண்ணீர் சடசடவென்று விழும். அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் பேச்சு, அது சோப்பைப் பற்றியதாக இருந்தாலும்.

மத்தியானம் சாப்பாட்டோடு வரும் மனைவி திலாவுக்கு இதைக் கண்டால் எரிச்சல். "ஒட்டுக் கேட்ட சர்க்கார் ஆளெல்லாம் செத்துப் போயாச்சு. இன்னும் எதுக்கய்யா குழாயத் திறந்து விடற? ஏரியே வத்திடும் போலிருக்கு!"

"செத்தவன் பெத்தது இருக்குதில்ல?" என்பார் லாஸர். சொல்லிவிட்டு வாசலை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொல்லும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது திலாவுக்குக்கூடத் தெரியாது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், கம்யூனிஸ்ட் ஆட்சியில் நாடு பூட்டிக் கிடந்தபோது, லாஸர் எல்லைச் சாவடியில் சர்க்கார் நாவிதர். வருஷத்துக்குச் சில கூட்டங்களாகத்தான் வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விட்டார்கள். அவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு எல்லையை நடந்து கடப்பார்கள். செருப்புக் காலை மருந்துத் தண்ணீரில் நனைப்பார்கள். நீள முடி, தாடி என்றால் நேரே லாஸரின் நாற்காலிக்கு வர வேண்டும். தாடியோடு ஒருத்தன் உள்ளே போய்விட்டால், லாஸர் தண்டனையாகச் சுரங்க வேலைக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு அப்போது இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஏழு மாசம்.

ஒரு வைகாசி வெயிலில் பிரெஞ்சுக் கூட்டம் ஒன்று வந்தது. அதில் ஒரு தாடிக்காரருக்கு இடது காதுக்குப் பின்னால் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார் லாஸர். காவலர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். தாடிக்காரர் உதடு அசையாமல், சுத்தமான ஷ்கோதர்ப் பேச்சில் சொன்னார். "பழைய பாலத்துக்கிட்ட மிரிக்கான்னு இருக்காங்க. எங்கம்மா. உம்மவன் உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லிடுப்பா."

மிரிக்காவின் மகன் எல்லை தாண்டி ஓடிப்போனவன் என்று ஊருக்கே தெரியும். இந்த ஆள் நிஜமாகவே ஓடிப்போன மகனா, இல்லை நம்மைச் சோதிக்கச் சர்க்கார் அனுப்பிய ஆளா? சோதனைதான் என்றால், மேலதிகாரியிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். நிஜமென்றால், சொல்வது கொலை. கை உதறியது. கத்தி காதுக்குப் பின்னால் ஆழமாக இறங்கி, ரத்தம் காலருக்குள் ஓடியது.

"முதலாளிகளுக்கும் ரத்தம் சிவப்பாத்தான் இருக்கு பாரு!" என்று சிரித்தான் ஒரு காவலன்.

லாஸர் மேலதிகாரியிடம் சொல்லவில்லை. மிரிக்காவிடமும் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு போனால் கையோடு எடுத்துப் போக, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, சோப்பு, காய்ந்த ரொட்டி என்று ஒரு பையில் கட்டிக் கதவருகே வைத்தார். "எங்கய்யா போற?" என்று கேட்ட திலாவிடம், "சும்மா இருக்கட்டும்" என்றார். அந்தப் பை ஏழு வருஷம் அங்கேயே இருந்தது.

தினமும் காலையில் பால் வரிசையில் மிரிக்கா நிற்பார். மகன் ஓடிப்போன குற்றத்துக்குச் சதுப்பு நிலத்துக் கைதி முகாமில் எட்டு வருஷம் கிடந்துவிட்டு வந்தவர் என்பதால், அவருக்கு முன்னும் பின்னும் ஜனங்கள் ஒரு ஆள் இடம் விட்டு நிற்பார்கள். பல நாள் பின்னால் நின்றது லாஸர்தான். அந்தத் தலைத்துணியைப் பார்த்தபடி, "அம்மா, உம்மவன் இருக்கான்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். பாலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. ஒரு மாசிக் குளிரில் மிரிக்கா போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே பூட்டு உடைய ஆரம்பித்துவிட்டது. வேண்டியவர்கள் வேண்டியபடி வரலாம், தாடியோடும் வரலாம்.

ஊரே தெருவில் ஆடியபோது லாஸர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். பிடித்துக்கொண்டு போக வருவார்கள் என்ற பயம் போய், அந்த மகன் வந்துவிடுவானோ என்ற பயம் உட்கார்ந்துகொண்டது. இதுதான் முதல் பயத்தைவிடப் பெரிது.

போன மாசம், மத்தியான நேரம். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். தோளில் காமிரா, காலில் தூசி படிந்த நடைச்செருப்பு. மடித்துப் போட்டிருந்த துணியை லாஸர் தொடவில்லை. வழக்கம் போலக் காதை மடக்கினார்.

பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. புளியங்கொட்டை நீளம்.

லாஸருடைய கை தானாகக் குழாயைத் திறந்துவிட்டது.

"அன்னைக்கும் இந்தக் கைதான் நடுங்குச்சு," என்றார் பெரியவர், ஷ்கோதர்ப் பேச்சில், கண்ணாடியைப் பார்த்தபடி. "அம்மா கல்லறைக்குப் போயிட்டுத்தான் வரேன். எண்பத்தொம்பதுல போயிருக்காங்க. அப்ப உனக்கு அஞ்சு வருஷம் இருந்திருக்கு. சொல்லியிருப்ப இல்ல?"

லாஸர் கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் சண்டைக்கு வரலப்பா. உன்னக் கையெடுத்துக் கும்பிடத்தான் தேடிக்கிட்டு வந்தேன். சொன்னதும் அவங்க மொகம் எப்படி ஆச்சு? அத மட்டும் சொல்லு, போயிடறேன்."

சிரித்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷர் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவார். இல்லை என்று சாட்சி சொல்ல மிரிக்கா எழுந்து வரப் போவதில்லை.

ரிஸா காப்பியோடு உள்ளே வந்தார். "என்ன உஸ்தா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? புதையல் கெடச்சிடுச்சா?"

தண்ணீர் தொட்டியில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. லாஸர் ரிஸாவைப் பார்த்தார், கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்தார். பிறகு, ரிஸாவுக்கும் கேட்கட்டும் என்று, கையை நீட்டிக் குழாயை மூடினார்.