ஐந்து கிராம் தவளையும் அப்பாவின் கிறீசும்

பன்னிரண்டு வயதில் எனக்கு நீந்தத் தெரியும், வலை இழுக்கத் தெரியும், கணவாய் துப்புரவாக்கத் தெரியும். எங்கள் ஊரான சல்லிக் கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவும் தெரியும், பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் தெரிந்த விடயம் ஒன்று இருந்தது. மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டுகிற, ஐந்து கிராம் எடையுள்ள இறப்பர் தவளை ஒன்றை, பாசி மூடிய குளத்தில் இருபது மீற்றர் எறிவதற்கு எப்படிப்பட்ட தூண்டில் ரீல் வேண்டும் என்பதே அது. அந்த ரீலை நான் கண்ணால் கண்டதில்லை. யூரியூப்பில் கண்டதோடு சரி. ஆனால் அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் கதைப்பேன். கதைத்தும் இருக்கிறேன். கேட்டவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருபத்தொரு நாள் லீவில் வருவார். வருவதற்கு முதல் ஆளாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். அந்த முறை எனக்கும் அண்ணாவுக்கும் சேர்த்து ஒரு சாமான்தான், பெட்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் தூண்டில் சாமான்தான் கேட்டோம். அண்ணா கேட்டது கடலுக்கு. நான் கேட்டது குளத்துக்கு.

முழு வீடும் அண்ணாவின் பக்கம் நின்றது. எங்கள் ஆட்கள் கரைவலைக்காரர். குளத்து மீனை மீன் என்றே கணக்கெடுக்காதவர்கள். அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது. ஓ.எல். சோதினை எழுதிவிட்டு ஒரு வருடமாக அப்பாவோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"குளத்து மீனுக்கு ரீல் என்னத்துக்கடி? ஓட்டைக் கூடை ஒண்டைக் கவிழ்த்தாக் காணும்" என்றார்.

ஆனால் அண்ணா ஒரு பிழை விட்டார். மாமாவுக்கு அவர் அனுப்பியது, "ஒரு நல்ல ரீல்" என்ற மூன்று சொல். நான் அனுப்பியது பதினேழு குரல் பதிவு.

ரீலில் இரண்டு சாதி மாமா, என்று தொடங்கினேன். ஒன்றில் நூல் சுற்றிய உருளை அசையாமல் நிற்கும், நூல் மட்டும் கழன்று போகும். அதை யாரும் எறியலாம். மற்றதில் உருளையே சுழன்று நூலைக் கொடுக்கும். எனக்கு அந்த இரண்டாவது சாதிதான் வேண்டும். விரால் தாமரைத் தண்டுகளுக்குள் கிடக்கிற மீன். கடித்த உடனே உள்ளே ஓடிப் பின்னிக்கொள்ளும். ஓட விடாமல் நேரே இழுத்தெடுக்க இந்தச் சாதிக்குத்தான் பலம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடக்கிறதெல்லாம் பாரமான இரைக்குச் செய்தவை. ஐந்து கிராம் தவளையால் அந்த உருளையை அசைக்க ஏலாது. ஆகவே உருளை ஆழம் குறைந்ததாக, கையில் எடுத்தால் இறகு போல இருக்க வேண்டும். உள்ளே உருளையை அடக்குகிற காந்தப் பிரேக், அதைக் கூட்டிக் குறைக்கிற திருகு வெளிப்பக்கம். தூண்டில் தடிக்கு நுனி இளக்கம், அடி முரடு. நூல் மெல்லிய பின்னல் நூல், ஆனால் பாசியை அறுக்கிற பலம். விலை கூடினது தேவையில்லை, தொடக்கக்காரருக்கு என்று எழுதியிருக்கிற கடைத் தட்டிலேயே பாருங்கள்.

பதினோராவது பதிவுக்கு மாமாவிடமிருந்து பதில் வந்தது. "மருமகள், நான் கடைக்குப் போறனா, சோதினை எழுதப் போறனா?"

கடைசியில் கடையிலே என் குரலையே போட்டுக் காட்டியிருக்கிறார். விற்கிறவன் பிலிப்பீன்ஸ்காரன், தமிழ் தெரியாது. ஆனால் இடைக்கிடை நான் இங்கிலீசில் சொன்ன இலக்கங்களைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, உள்ளே போய் நேராக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். "இதைக் கேட்ட ஆள் எத்தனை வருசமா மீன் பிடிக்குது?" என்றும் கேட்டானாம். மாமா இதைச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம், அவ்வளவு புளுகம்.

தடியோடும் நூலோடும் ரீல் வீட்டுக்கு வந்தது. அண்ணா பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பா கையில் எடுத்து, கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினார். அவர் அதிகம் கதைக்கிற ஆளில்லை. தீர்ப்பு மட்டும் சொன்னார்.

"மாமா பிளேன் ஏறுறதுக்குள்ள இதால ஒரு மீன் எங்கட குசினிக்கு வரவேணும். வராட்டி இது அண்ணாட்டப் போகும்."

அண்ணாவிடம் போனால் அது வள்ளத்தில் ஏறும், ஏறினால் உப்பு ஒரு மாதத்தில் உருளை சுழல உள்ளே இருக்கிற இரும்புக் குண்டுகளை எல்லாம் தின்றுவிடும். நான் அதை விளக்கமாக எடுத்துச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் குளம் பெரிய றோட்டுக்கு மேற்கே, மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். கரையோரம் முழுக்கத் தாமரை, அதற்கப்பால் ஆகாயத்தாமரை, நடுவில் கொஞ்சம் வெளிச்சத் தண்ணீர். முதலைக்குப் பயந்து அம்மா ஒரு கட்டளை போட்டிருந்தார்: கால் நனையக் கூடாது. மாமா ஒரு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஒவ்வொரு பின்னேரமும் கூட்டிப் போனார். விரால்கள் நடுத் தண்ணீரில் வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போவதைக் கண்டேன். இருபது மீற்றர் இருக்கும். படித்ததெல்லாம் இதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டு தடியை ஓங்கி எறிந்தேன்.

தவளை ஐந்தடி போய் நின்றுவிட்டது. உருளை நிற்கவில்லை. தவளையை விட வேகமாகச் சுழன்று, கொடுத்த நூலையெல்லாம் தன் மேலேயே கொட்டிக்கொண்டது.

மாமா எட்டிப் பார்த்தார். "இடியப்பம் வந்திருக்கு. சம்பல்தான் இல்லை."

அன்றைக்கு ஆறு இடியப்பம். அடுத்த நாள் ஒன்பது. கிழிந்த வலை பொத்துகிற அம்மாதான் ஊசி முனையால் ஒவ்வொரு சிக்காக எடுத்துத் தருவார். "ரெண்டு பாக நீளம் வலையைப் பொத்தியிருப்பன் இந்த நேரத்துக்கு" என்பார், ஆனால் நூலை அறுக்கவும் விடமாட்டார். பிரேக்கைக் கூட்டிப் பார் என்று மாமா பலமுறை சொன்னார். கூட்டினால் தூரம் போகாது, வீடியோவில் வருகிற ஆட்கள் எல்லோரும் குறைத்துத்தான் வைக்கிறார்கள், கட்டை விரலால் உருளையைத் தடவி அடக்க வேண்டும், அதுதான் முறை என்று நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். பாடத்தில் குறையில்லை. கட்டை விரல்தான் படிக்கவில்லை. இப்படியே பதினெட்டு நாள் போயிற்று. அண்ணா இப்போது பெட்டியைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் கடலில் காற்று. வலை வளைக்கவில்லை, அப்பா வீட்டில் நின்றார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், ரீல் பேப்பரில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பக்கத்தில் வள்ளத்து எஞ்சினுக்குப் பூசுகிற கிறீஸ் ரின். எங்கள் கரையில் இரும்பென்று ஒன்றைக் கண்டால் நல்ல தண்ணீரில் கழுவுவதும் கிறீஸ் அப்புவதும் பல்லுத் தீட்டுவது போல. அப்பா அதைத்தான் செய்திருந்தார். குண்டுகளுக்குள், அச்சுக்குள், விரல் போன இடமெல்லாம்.

"மண் போய்க் கரகரத்துது பிள்ளை" என்றார், மூடியைப் பூட்டிக்கொண்டே. "இனிப் பத்து வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்லை."

முதலில் உருளையை ஒரு விரலால் தட்டினால், நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்லி முடிக்கும் வரைக்கும் சுழலும். அன்று தட்டினேன். அரைச் சுற்றுச் சுற்றி, களைத்தவர் போல நின்றது. பதினேழு பதிவில் நான் கேட்டு வாங்கிய சுழற்சி அத்தனையும் போயிற்று. குசினிக்குள் போய் அழுதேன்.

"அந்த மனுசன் மத்தியானம் சாப்பிடாமல் இருந்து செய்தது" என்றார் அம்மா. "வெளியில போய் அழுது அவருக்குக் காட்டாத."

பெற்றோல் விட்டுக் கழுவலாம் என்றார் மாமா. குசினிப் பக்கம் பெற்றோல் வந்தால் தான் வீட்டை விட்டுப் போவேன் என்றார் அம்மா. நாளை மறுநாள் மாமாவுக்குப் பிளேன். அடுத்த நாள் சனிக்கிழமை விடியவே, அந்தக் கிறீஸ் உருண்டையோடு குளத்துக்குப் போனோம். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. மாமா முகத்திலும் இல்லை, ஆனால் அவர் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வந்திருந்தார்.

எறிந்தேன். தவளை எட்டு மீற்றர் போய், கரையோரத் தாமரைக்குள் பொத்தென்று விழுந்தது. உருளையும் அதோடு நின்றது. சிக்கு இல்லை. திரும்ப எறிந்தேன். சிக்கு இல்லை. கட்டை விரலை எடுத்தே விட்டேன். பத்து எறி, ஓர் இடியப்பம் கூட இல்லை. மாமா பாணை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இன்றைக்கு என்னிடம் மூன்று ரீல் இருக்கிறது. முதல் ரீல் எது வாங்கலாம் என்று காம்பசில் கூடப் படிக்கிற யாராவது கேட்டால், சுழற்சியைப் பார்க்காதேயுங்கோ, பிரேக்கைப் பாருங்கோ என்பேன். இரை மெல்லியதென்றால் இரண்டு மடங்கு பாருங்கோ என்பேன். அப்பாவின் கிறீஸ்தான் பிரேக்காக நின்றது என்று அன்று எனக்குத் தெரியாது. கட்டை விரல் ஒரே இரவில் படித்துவிட்டது என்றே நினைத்தேன்.

இன்னொன்றும் தெரியாது. காற்றுக் குடிக்கத்தான் விரால் நடுவுக்கு வருகிறது. இரை பிடிக்க அது கரையோர இலைக்குக் கீழேதான் கிடக்கிறது. பதினெட்டு நாளும் நான் அதன் தலைக்கு மேலால் நடுவுக்கு எறியப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினான்காவது எறியோ பதினைந்தாவதோ, தவளையை ஓர் இலைமேல் ஏற்றி இறக்கினேன். பக்கத்து இலையைக் கீழிருந்து யாரோ தலையால் முட்டினார்கள். தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணவில்லை. உடனே இழுக்கக் கூடாது, மூன்று வரை எண்ண வேண்டும். நான் சத்தமாக எண்ணினேன்.

"எண்ணாத, இழு" என்றார் மாமா.

"ரெண்டு" என்றேன்.

மூன்றில் இழுத்தேன். தடியின் நுனி தண்ணீரைத் தொட்டது, அடி அசையவில்லை. நூல் தாமரைத் தண்டுகளைக் கத்தரிக்கிற சத்தம் கேட்டது. சுற்றினேன், கிறீசோடு சேர்த்துச் சுற்றினேன். கரைக்கு வந்தது மீன் இல்லை, ஒரு கடகப் பெட்டி அளவு பாசி. மாமா சோர்ந்து போனார். அப்போது அந்தப் பாசி துள்ளியது. கழுவித் தேய்த்த காற்சட்டையோடு மாமா சேற்றில் விழுந்து அதைக் கட்டிப் பிடித்தார். பாசியை விலக்கினால், பாம்புத் தலையோடு கருவிரால் ஒன்று. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அதற்கு மேலும் ஒரு சாண்.

திரும்பி வரும்போது மீனை நான் பின்னுக்கு வைக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தேன். நிலாவெளி பஸ் எங்களை முந்தியபோது யன்னல் முழுக்கத் தலை. மாமா வேண்டுமென்றே மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினார், சேற்றோடு.

வீட்டில் அண்ணா குனிந்து மணந்து பார்த்தார். "சேறு மணக்குது." ஆனால் சாண் போட்டு அளந்தும் பார்த்தார். அம்மா அரிவாளை எடுத்துவிட்டார். அப்பா வந்து மீனின் செவுளுக்குள் தங்கூசி நூல் துண்டு ஒன்றைக் கோத்துக் கையில் தூக்கினார்.

"வா பிள்ளை" என்றார்.

எங்கள் ஒழுங்கைப் பாதையின் முடிவில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரருக்குக் காலில் திருக்கை முள் ஏறி இரண்டு கிழமையாகத் தொழிலுக்குப் போகவில்லை. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தொழிலில், அதாவது புது வலையிலோ புது வள்ளத்திலோ, விழுகிற முதல் மீனை வீட்டில் காய்ச்சுவதில்லை. அந்தக் கிழமை கடலுக்குப் போகாத வீட்டுக்குக் கொடுப்பார்கள். தொழில்காரரே போய் வாசல் படலையில் தட்ட வேண்டும். அப்பா என்னைத் தட்டச் சொன்னார்.

"மகளின்ர தொழில்ல விழுந்தது" என்று மீனை நீட்டினார்.

அந்த மனிதர் நோகிற காலோடு எழும்பப் பார்த்தார். அவருடைய மனைவி உள்ளே இருந்து ஒரு கதிரையைத் தூக்கி வந்து, எனக்குத்தான் போட்டார். "இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்" என்றார். அதுவரை அவர் என்னை நீ என்றுதான் கூப்பிட்டவர்.

எனக்குத் தேத்தண்ணீரில் மனம் போகவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். "அப்பா, மீன் குசினிக்கு வரேல்லையே. கணக்கில சேருமா? ரீல் ஆருக்கு?"

"உன்ர தொழில் உன்னட்டத்தான்" என்றார் அப்பா.

நான் ஓடினேன். வீட்டுக்குள் போய் அதை அப்படியே எல்லோருக்கும் அறிவித்தேன். மத்தியானச் சாப்பாட்டில் மாமா பாசி துள்ளிய கதையை மூன்றாம் முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் விரால் ஒரு சாண் வளர்ந்தது. அம்மா சூடைமீன் குழம்பு வைத்திருந்தார். அண்ணா பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார். ஒரு வருடமாக அப்பாவின் வலையை இழுத்தவர் அவர். அந்த வலையில் விழுந்த எந்த மீனையும் தன் தொழிலில் விழுந்தது என்று சொல்லி ஒரு படலையையும் அவர் தட்டியதில்லை. நான் அதை யோசிக்கவில்லை. ரீல் கிடைக்காத கோபம் என்று நினைத்தேன்.

"வேணுமெண்டா நாளைக்கு ஒரு நாள் தாறன், கொண்டு போங்கோ" என்றேன்.

"வேண்டாம், நீயே வச்சிரு" என்றார் அண்ணா, கை கழுவிக்கொண்டே.

நான் வென்ற சந்தோசத்தில், அவர் விட்டுப் போன மீனையும் எடுத்து என் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டேன்.