வாழைப்பழத் தோலும் ஒரு கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது கீழ்வீட்டு நஸீரா தொலைபேசியில் அழைத்தார். "ராஜி அக்கா போயிட்டா." அடக் கடவுளே! சனிக்கிழமைகூடப் படியில் நின்று கதைத்தோமே.

எங்கள் ஞாயிறு நடைக் குழுவில் அவரை அறியாதவர் யார்? களனி ஆற்றோரத்து அரசாங்கப் புல்வெளிக்கு நாம் நடக்கப் போவது உடம்புக்காக. அவர் வந்தது அங்கே மேயும், நாம் 'அய்யே' என்று கூப்பிடும் சிங்கள அண்ணர் பியசேனவின் மாடுகளுக்காக. கிழமை முழுவதும் எங்கள் தொடர்மாடியில் கதவு கதவாகத் தட்டி வாழைப்பழத் தோல் சேர்ப்பார். "எறியாதேங்கோ, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இருக்கு" என்பார்.

குழுவில் பாதிப் பேருக்கு மாடுகளைப் படமெடுக்க ஆசை. மற்றப் பாதிக்குச் சாணி என்றால் அருவருப்பு. நான் இரண்டாவது கட்சி. என் புதுச் சப்பாத்து சாணிக்குள் புதைந்த அன்று கொதித்துப்போய், மாடுகளை அகற்றச் சொல்லி அதிகாரிகளுக்கு மனு எழுதினேன். படமெடுத்தவர்கள் உட்பட நீங்கள் எல்லோரும் கையெழுத்திட்டீர்கள். அவரிடமும் நீட்டினேன்.

"நீர் கேட்டு நான் மாட்டன் எண்டு சொல்லுவனே? ஆனா அதுகள் எங்கை போகும்?" என்றபடியே கையெழுத்து வைத்தார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாடுகளை அகற்றிவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல நம் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் பையோடு வந்தார். வெறும் புல்லைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பும்போது, "பாரமா இருக்கும், தாங்கோ அக்கா" என்று பைக்குக் கை நீட்டினேன்.

"வேண்டாம். நானும் கையெழுத்து வைச்சனான்தானே."

அதன்பின் அவர் நடக்க வரவில்லை. புல் முழங்காலளவு வளர்ந்தது. பாம்புக்குப் பயந்து நாமும் ஒவ்வொருவராக நின்றுபோனோம். எனக்குப் புத்தி வந்தது அப்போதுதான். மாடுகளை மீண்டும் மேயவிடச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன். சனிக்கிழமை படியில் அதைச் சொன்னபோது அக்காவின் முகம் மலர்ந்தது. "முதல் இடத்தை எனக்கு விட்டு வையும்" என்றார். ஞாயிறு மழை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். திங்களும் அப்படியே போயிற்று. சோம்பேறி நான்! இரண்டு மாடி ஏறியிருந்தால் போதுமே.

மனு என்னிடம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் வந்து இரண்டாவது வரியிலிருந்து கையெழுத்து வையுங்கள். முதல் வரியை அவருக்கு விட்டு வைத்திருக்கிறேன்.