டாக்டரம்மாவுக்கு அனுப்பின சாணி

போன ஐப்பசி மழையிலதான் இது நடந்துச்சி. வல்லம் வடகால் பக்கத்துல, கம்பெனிங்களுக்குப் பின்னாடி எங்க வூடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல பேத்தி போன்ல அடிக்கறா. அவ எதுனா வுட்டுட்டா என் மேல தப்பில்ல.

எங்க கொட்டாய்ல வெள்ளப் பன்னிங்க வளக்கறோம். கம்பெனி கேன்டீன்ல மிஞ்சறதுதான் அதுங்களுக்குச் சோறு. பிரியாணி போட்ட அன்னிக்கு, ட்ரம் எறங்கறதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சிடும். எம் புள்ளைக்கு அந்த மூக்குகூடக் கெடையாது. அதே கேன்டீன்ல துன்னுட்டு ஷிப்ட் முடிஞ்சி வருவான். இன்னாடா போட்டாங்கன்னு கேட்டா, 'ஏதோ போட்டாங்க'ம்பான்.

அந்த மழையில கடைசி ரூம்ல இருந்த பதினாலு குட்டிங்களுக்குப் பேதி புடிச்சிக்கிச்சி. நாலு மாசக் குட்டிங்க, பொங்கலுக்குள்ள ஏத்தி அனுப்பலாம்னு பாத்துப் பாத்து வளத்தது. சாதா பேதி இல்ல, சளியும் ரத்தமுமா போவுது. வயிறு ஒட்டிப்போயி மூலையில ஒண்ணு மேல ஒண்ணு படுத்துகினு கீதுங்க. ரெண்டு செத்தே போச்சி. நான் கேன்டீன்காரனத்தான் திட்டிகினு இருந்தேன், மொளகாத்தூள அள்ளிக் கொட்டறான்னு.

மருமவதான் மாட்டாஸ்பத்திரிக்குப் போனா. அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு. கொடல்ல கிருமி பூந்திருக்கும்னு சொல்லி, சோத்துல கலக்க ஒரு பவுடரும், மூடி போட்ட சின்ன டப்பா ஒண்ணும் குடுத்தனுப்பிச்சி. அதுல சாணி எடுத்தாந்து குடுத்தா, எந்தக் கிருமின்னு லேப்ல பாத்து அதுக்கேத்த மருந்து தருவாங்களாம். கிருமில இன்னா எந்தக் கிருமி? எனக்கு அப்பவே எரிச்சல். பன்னி சாவுது, இவங்க பேரு கேட்டுகினு கீறாங்க.

சரின்னு நானே எடுக்கப் போனேன். அத்தப் பாத்தா கண்றாவியா கீது. படிச்ச பொண்ணு கையில போயி இத்தயா குடுக்கறது? வூட்டுக்கு வந்தவங்களுக்கு ஒடஞ்ச டம்ளர்லயா தண்ணி மோந்து குடுப்போம்? பக்கத்து ரூம்ல நல்லா இருந்த பன்னியோடத, கெட்டியா, பாக்க அம்சமா இருந்ததா எடுத்து வெச்சேன். டப்பாவ வெளிய ரெண்டு வாட்டி சோப்பு போட்டுத் தொடச்சேன். "பரவால்ல அத்த, நீட்டா பேக் பண்ணிகீறீங்க"ன்னா மருமவ. எனக்குப் பெருமை தாங்கல.

நாலு நாள் கழிச்சி போன் வருது, கெட்ட கிருமி எதுவும் இல்லயாம். அதுக்குள்ள இன்னும் ரெண்டு போச்சி. பவுடர் கலந்த சோத்த அதுங்க மோந்துகூடப் பாக்கல. வந்துச்சி பாரு எனக்கு ஆத்திரம். மருமவ கையிலேந்து போன புடுங்கி, "இன்னாம்மா படிப்பு படிச்சீங்க, இங்க ரத்தமா போவுது, நீங்க ஒண்ணுமில்லன்றீங்க"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, நானே வரேன் ஆயான்னு சொல்லிட்டு, மழையில ஸ்கூட்டியத் தள்ளிகினு வந்துச்சி. எங்க ரோடு அப்பிடி. கம்பெனி கேட்டு வரைக்கும் வழவழன்னு போட்டுட்டு எங்க தெருவ வுட்டுட்டாங்க. அத்த ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது.

வந்து கொட்டாய எட்டிப் பாத்துச்சி. கீழ கெடந்ததப் பாத்துச்சி. அப்பறம் என்னப் பாத்துச்சி.

"ஆயா, நீங்க எந்தப் பன்னியோடத எடுத்தீங்க?"

"பக்கத்து ரூம்லது கண்ணு. இது ஒரே நாத்தம், உங்களுக்குப் போயி எப்பிடிக் குடுக்கறதுன்னு..."

மருமவ தலையில கைய வெச்சிகினு குந்திட்டா. டாக்டரம்மா கையுறைய மாட்டிகினு, இருக்கறதுலயே மோசமா கெடந்தத அதுவே குனிஞ்சி இன்னொரு டப்பாவுல வழிச்சி எடுத்துச்சி.

"எனக்கு இந்த நாத்தம்தான் வேணும் ஆயா. நல்லா இருக்கறத வெச்சி நான் என்ன பண்றது?"

அன்னிக்கே வேற மருந்து குடுத்துச்சி. நோவு வந்தது சோறு துன்னாது, ஆனா தண்ணி குடிக்கும், தண்ணியில கலந்து வெய்யிங்கன்னு சொல்லுச்சி. இந்த ரூம் வாளி, தொடப்பம், காலு செருப்புகூட அந்த ரூமுக்குப் போவக்கூடாதாம். ரெண்டாவது டப்பாவுக்குப் பதில் வந்தப்ப, அந்தப் பொண்ணு நெனச்ச கிருமியேதான். அதுக்குள்ள இன்னொண்ணு போச்சி. மிச்சம் ஒம்போதும் ஒரு வாரத்துல எழுந்து தொட்டிய நக்க ஆரம்பிச்சதுங்க.

எனக்கும் ரொம்ப வருசமா மூலம் கீது. படப்பை கிளினிக்ல போயி 'வயிறு சரியில்ல'ன்னு மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிகினு வந்துடுவேன். போன மாசம் போனப்ப எத்தினி வாட்டி, எப்பிடி, எவ்ளோ ரத்தம்னு ஒண்ணு வுடாம சொன்னேன். மருமவ செவுத்தப் பாத்துகினு குந்தியிருந்தா. நான் மானம் பாத்த அந்த நாலு நாள்ல போன உசுருங்கள நெனச்சா, டாக்டருங்க முன்னாடி எனக்கு இப்ப வெக்கமே வர்றதில்ல.